அப்பாவின் எச்சிலும் ஒட்டக்கூடாத கிருமியும்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் யாராவது என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டால், "பல் சொத்தை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். பல்லைச் சொத்தையாக்கும் கிருமியின் மேல்தோலில் ஒரு புரதம் உண்டு. எச்சில் படிந்த பல்லை அதை வைத்துத்தான் கிருமி பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை நான் வெட்டி எடுத்துவிட்டேன். இனி கிருமி ஒட்டக்கூடாது. ஒட்டினால் நான் வெட்டியது சரியில்லை, மழைக்காலம் முழுக்கச் செய்த வேலை குப்பைக்குப் போகும்.

சோதனைக்கு வெறும்வயிற்று எச்சில் வேண்டும். பெங்களூரு ஆய்வகத்தில் காலையில் காபி குடிக்காத வாயே கிடையாது. அப்பாவோ, தான் வேலை செய்த தங்கச் சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும், முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர் மாதிரி இருட்டிலேயே எழுந்துவிடுவார். எதுவும் சாப்பிடாமல் துப்பித் தரச் சொன்னேன். "என் எச்சி பெங்களூருக்கு வேலைக்குப் போவுது" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார்.

ஐஸில் வைத்துக் கொண்டுபோய், வடிகட்டி, பல் மாதிரி செய்த சில்லில் பூசிக் கிருமியை விட்டேன். மறுநாள் எவ்வளவு கழுவியும் சனியன் போகவில்லை. திரும்பச் செய்தேன், அதே கதை. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அடுத்த நாள் அப்பா துப்பும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கன்னம் புடைத்திருந்தது.

"இன்னாப்பா வாயில?"

"வெல்லம்."

"ஒண்ணும் துன்னாதன்னு சொன்னேன்ல?"

"இது துன்றதா? தூசிக்குப் போடறது. சுரங்கத்துக்குள்ள கேஜுல எறங்கும்போது கன்னத்துல அடக்கிக்குவோம், தொண்ட அடைக்காது."

"இப்ப ஏதுப்பா கேஜு?"

"காத்தடிச்சா சயனைட் மேட்டுத் தூசி வருதா இல்லியா?"

வருகிறதுதான், தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய கழிவு மண் இன்னும் மேடாக நிற்கிறது. ஆனால் சர்க்கரை கிடைத்தால் அந்தக் கிருமி தானே பசை செய்து ஒட்டிக்கொள்ளும், புரதமே தேவையில்லை. இதெல்லாம் படித்த நான், எச்சில் பழுப்பாக இருந்ததைப் பார்த்து பீடிக் கறை என்று நினைத்திருந்தேன்.

அன்று அம்மாவைத் துப்பவைத்துக் கொண்டுபோனேன். மறுநாள் ஒரே அலசில் கிருமி மொத்தமும் போய்விட்டது. ஆய்வகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"சுரங்கத்ததான் வேணாம்னு மூடிட்டாங்க. இப்ப என் எச்சியும் வேணாமா?"

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. "யாரு சொன்னா? சர்க்கர இருந்தா எப்டி ஒட்டுதுன்னும் காட்டணும். உன்னுது வெல்லத்தோடயே வேணும்" என்றேன். பொய்யில்லை, ஆய்வறிக்கைக்கு அதுவும் தேவைதான்.

மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது அப்பா கப்போடு வாசலில் நின்றிருந்தார். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. பேச வாயில் இடமில்லை.