என் மாப்பிள்ளை ஆற்றில் பார்த்தவை

என் தங்கையின் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலை என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் காலை படகுத்துறைக்கு மூச்சிரைக்க வந்து, ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டின் மேல் ஒரு முதலை வெயில் காய்கிறது என்றார். அந்தப் பக்கத்தில் யாரும் முதலையைக் கண்டதே இல்லை. இருந்தாலும் பத்துப் படகுகள் கிளம்பிப் போயின. திட்டில் ஒரு பழைய லாரி டயர்தான் பாதி புதைந்து கிடந்தது. "டயருக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு, இவ்வளவு நீளம்" என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார் மனிதர். சிரித்துச் சிரித்துப் பத்துப் படகும் திரும்பி வந்தன. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முகத்துவாரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் மேலே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. அதன் ஐந்து இரும்பு ஷட்டர்களையும் ஏற்றி இறக்குவது என் வேலை. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் ஊரின் குடிநீர்க் கிணறுகள் பக்கம் போகாமல் இறக்க வேண்டும், வடியும்போது தூக்க வேண்டும். எந்த ஷட்டர், எத்தனை மணிக்கு, எத்தனை சென்டிமீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்து வாய்த்தார் இப்படி ஒரு மாப்பிள்ளை.

ஆள் சோம்பேறி இல்லை, குடி கிடையாது, என் தங்கையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதனால் குறை சொல்லவும் வழியில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

சின்ன ஃபைபர் படகில் தனியாகத்தான் போவார். மற்றவர்கள் இன்ஜினை அலறவிட்டுக்கொண்டு போய், வலையைப் போட்டு எடுத்து, வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். இவர் வளைவு தாண்டியதும் இன்ஜினை அணைத்துவிடுவார். அப்புறம் துடுப்புதான். யாரும் நுழையாத ஓடைகளிலெல்லாம் நுழைந்து, நாணல் ஓரமாகப் படகை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். கூடையில் மீன் குறைவாக இருக்கும். வாயில் கதை நிறைய இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போவேன். இரண்டே அறை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே கொடியில் வலை தொங்கும். இவர் தரையில் உட்கார்ந்து அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டே ஆரம்பிப்பார். ஒரு வாரம், முகத்துவாரத்தில் புள்ளிமான் ஒன்று தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்திக் கரையேறியது. இன்னொரு வாரம், கொக்குக் கூட்டத்துக்கு நடுவில் வழி தவறிய பூநாரை ஒன்று கூச்சத்தோடு நின்றது. முதுகெல்லாம் சிப்பி ஒட்டிய கடலாமை ஒன்று, தாமரை இருக்கிற குளத்து வாய்க்கால் வரைக்கும் வந்து, தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரைப் போலச் சட்டென்று திரும்பிப் போனது. என் தங்கை கரண்டியை அடுப்பு மேல் வைத்துவிட்டு வாயில் ஈ போவது தெரியாமல் கேட்பாள். எனக்கோ வயிறு எரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாக வந்தவள், இந்த ஆள் காதில் பூ சுற்றுகிறார் என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாளே.

இதில் ஒன்றை நான் கவனித்திருக்க வேண்டும். புளுகுகிறவன் கதை நாளாக நாளாக வளரும். இவர் கதை குறையும். "நாலு நீர்நாய்னு போன வாரம் சொன்னேன்ல, மூணுதான் மச்சான். நாலாவது கட்டை. இன்னைக்குப் போய்ப் பார்த்தேன், அங்கயே கிடக்கு" என்பார். சாமர்த்தியமாக நம்ப வைக்கப் பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒருநாள் நான் கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்தாள். "ஊர் சிரிச்சா அவரும் கூடச் சிரிச்சிட்டுப் போயிடுவாருண்ணே. நீ சிரிச்சா மட்டும் அன்னைக்குச் சரியாச் சாப்பிட மாட்டாரு. அண்ணன் பொய் பேசாத மனுஷன், அவர் ஒரு தடவை நம்பிட்டாப் போதும்னு சொல்றாரு" என்றாள். அதற்கு அவரை முதலில் நம்புகிற மாதிரி எதையாவது பார்க்கச் சொல் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கோடை தொடக்கத்தில் ஐந்து ஷட்டர்களையும் ஒரேயடியாக இறக்கிவிடுவோம். மேலிருந்து வரும் தண்ணீர் வற்றிவிடும் என்பதால் மழை வரும்வரை, மூன்று மாதம், தூக்குவதில்லை. அந்த வருஷம் காலை பதினொரு மணிக்கு இறக்கச் சொல்லி ஆர்டர். பத்தரைக்கு நான்கை இறக்கிவிட்டு மிச்சமிருந்த மூன்றாம் எண் ஷட்டரிடம் வந்தபோது, அணைக்கு மேல்பக்கத்திலிருந்து என் மாப்பிள்ளையின் படகு வந்தது. ஏணியைப் பிடித்து ஏறி வந்தார். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"மச்சான், மேல வளைவுல ரெண்டு டால்பின் இருக்கு. தாயும் குட்டியும்."

நான் ஷட்டரை இறக்கும் சக்கரத்தில் கை வைத்தேன்.

"ஏத்தத்துல மீனைத் துரத்திக்கிட்டு உள்ள வந்திருக்கும். ஷட்டர இறக்கிட்டா அதுங்க வெளிய போக வழி இல்ல. நல்ல தண்ணியில ரொம்ப நாள் கிடந்தா தோல் புண்ணாயிடும் மச்சான். குட்டி தாங்காது."

"மாப்ளே, இன்னைக்கு வேணாம். எனக்கு ஆர்டர் இருக்கு" என்றேன். "நாலு கிலோமீட்டர் தாண்டி இங்க டால்பின் வந்ததா யாராவது சொல்லியிருக்காங்களா?"

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அன்று சிரிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் நெருங்கி வந்தார்.

"நீங்க நம்ப வேணாம் மச்சான். இந்த ஒண்ண மட்டும் கொஞ்ச நேரம் விட்டு வைங்க. பின்னாலருந்து தட்டி ஓட்டிக்கிட்டு வந்துடறேன்."

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட முதல் காரியம் அது. கடல் ஏறி உப்புத் தண்ணீர் அணையைத் தொட எப்படியும் பன்னிரண்டே முக்கால் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை, கெடுதல் எனக்குத்தான். நம்பி விட்டேன் என்று சொல்ல மாட்டேன். தங்கை முகத்துக்காக விட்டேன். "பன்னெண்டே முக்காலுக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் இறக்கிடுவேன்" என்றேன். அவர் அதற்குள் பாதி ஏணி இறங்கிவிட்டிருந்தார்.

ஆழமில்லாத இடத்தில் மீனை வலைக்குள் விரட்ட, படகின் பக்கவாட்டில் துடுப்பால் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மீன் முன்னால் ஓடும். அதே வித்தையைத்தான் இவர் டால்பினிடம் காட்டப் போனார். பதினொன்றரைக்கு வளைவுப் பக்கம் டொக் டொக் என்று கேட்க ஆரம்பித்தது. கொஞ்சம் நெருங்கும், அப்புறம் விலகிப்போகும், ஒரேயடியாக நின்றும் போகும். அவை திரும்பி ஓடிவிட்டால், இவரும் திரும்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் போலிருக்கிறது. நான் தண்ணீர் மட்டம் காட்டும் அளவுகோலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பன்னிரண்டு. பன்னிரண்டே கால். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த ஆளை நம்பி, இல்லாத பிராணிக்காக அணையைத் திறந்து வைத்திருக்கிறோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குச் சத்தம் மளமளவென்று அணையை நோக்கி வந்தது. கம்பியைப் பிடித்து எட்டிப் பார்க்கப் போனேன். அணை மேலிருந்த என் அறைக்குள் டெலிபோன் அடித்தது. உதவிப் பொறியாளர்.

"எல்லாம் இறக்கியாச்சா?"

"ஒண்ணு பாக்கி இருக்கு சார்."

"ஏன்?"

நான் இதோ இறக்குகிறேன் என்று போனை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். கீழே ஷட்டருக்குப் பக்கத்தில் படகு ஆடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் பார்த்திருந்தார். தண்ணீரில் சேற்றுக் கலங்கல் தவிர ஒன்றுமில்லை.

"போயிடுச்சு மச்சான். குட்டி முதல்ல, தாய் பின்னால." அவருக்கு உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

ஷட்டரை இறக்கினேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. கடைசியில், "டால்பின், தாய் ஒன்று, குட்டி ஒன்று, வெளியேற" என்று எழுதினேன்.

மறுநாள் உதவிப் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். பதிவேட்டை இரண்டு தடவை படித்தார். தங்கை கொடுத்தனுப்பிய சாப்பாட்டைக் கொண்டுவந்திருந்த மாப்பிள்ளை, கையில் சாப்பாட்டு மூட்டையோடு அறை வாசலில் நின்றிருந்தார்.

"இது நீங்க உங்க கண்ணால பார்த்ததா, யாராவது சொன்னதா?" என்றார் பொறியாளர்.

யாராவது சொன்னது என்றால் அந்த யாராவது யார் என்று கேட்பார். முதலை என்று தெரிந்தால் அலுவலகமே விழுந்து விழுந்து சிரிக்கும். நான் வாசல் பக்கம் பார்க்காமல், "பார்த்தேன் சார்" என்றேன். பணியில் சேர்ந்த நாளிலிருந்து நான் சொன்ன முதல் பொய். சொன்ன பிறகு மனசுக்கு இதமாகக்கூட இருந்தது.

"இல்ல சார்" என்றது வாசலில் இருந்து ஒரு குரல். "மச்சான் அப்ப உள்ள உங்ககிட்டதான் போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு. அவர் பார்க்கல. நான் ஒருத்தன்தான் பார்த்தேன்."

பொறியாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளக்கம் கேட்டு மெமோ வரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறும்போது சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

ஜீப் மறையும்வரை பொறுத்திருந்துவிட்டு வெடித்தேன். "அறிவிருக்கா மாப்ளே? யாருக்காகச் சொன்னேன்? நான் பார்த்தேன்னு சொன்னா இனிமே ஒருத்தன் உங்களைப் பார்த்துச் சிரிப்பானா?"

"எனக்காகத்தான் சொன்னீங்க. புரியுது மச்சான்" என்றார். சாப்பாட்டு மூட்டையை மேஜையில் வைத்து, முடிச்சைச் சரிசெய்தார். பிறகு, நான் ஏன் கோபப்படுகிறேன் என்று விளங்காத குரலில், "ஆனா நீங்க பார்க்கலையே" என்றார்.

 தன் பக்கம் சாய்ந்த ஒரே ஒரு சாட்சியையும், அது சரியில்லை என்பதற்காகத் தன் வாயாலேயே கலைத்துப் போட்ட மனிதர் இவர். இவரையா இருபது வருஷம் ஞாயிறு தவறாமல் அவர் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து புளுகர் என்று நினைத்தேன்? வெட்கமாக இருந்தது. கண் கலங்கிவிடுமோ என்று பயந்து படியில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தக் குட்டி எப்படி இருந்துச்சு மாப்ளே?" என்று கேட்டேன்.

அவர் கேலிக்கான அறிகுறி எங்கேயாவது தெரிகிறதா என்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிஜமாவா கேக்கறீங்க?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் உட்காருவதற்காகப் படியில் நகர்ந்து இடம் விட்டேன்.