ரேகை மை

பெண்ணுக்கும் பாகம் உண்டு என்று சட்டம் வந்த புதிது. தாத்தா அப்போதுதான் இறந்து போயிருந்தார். அத்தை காதுக்கு அந்தச் சங்கதி எட்டாமல் இருக்க வேண்டுமே என்று அப்பா வேண்டாத தெய்வமில்லை, எட்டிவிட்டது. காங்கேயத்துக்குக் கிழக்கே அவள் வாழ்க்கைப்பட்டது மானம் பார்த்த மேட்டுக்காடு. மாமா இருமிக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். கிணறு உள்ள எங்கள் தோட்டத்தில் ஒரு பங்கு கிடைத்தால் அந்தக் குடும்பம் கரையேறிவிடும்.

ஒரு நாள் காலையில் அப்பா எனக்குப் புதுப் பாவாடை கட்டிவிடச் சொன்னார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னையும் அழைத்துப் போகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே அத்தை முன்னமே வந்து காத்திருந்தாள்.

"போயி அத்தை மடியில உக்காந்துக்கோ கண்ணு" என்றார் அப்பா. அத்தை மடி என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்.

பத்திரம் எழுதுகிறவர் வாசித்துக் காட்டினார். நாலு எல்லை, கிணறு, வண்டித்தடம், மாவடை மரவடை என்று ஒன்று விடவில்லை. அவ்வளவிலும் தனக்குள்ள பாகத்தை அத்தை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கிறாளாம். பதிவாளர் நல்ல மனிதர் போலிருக்கிறது, அப்பாவை விட்டுவிட்டு அத்தையைக் கேட்டார்.

"உங்களுக்குச் சம்மதந்தானாம்மா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள்.

"இவளை என்ற பையனுக்குத்தானுங்ணா குடுப்பீங்க?"

"உரிமைக்காரன் இருக்கறப்ப வேற யாருக்குக் குடுக்கப்போறேன்? எனக்கிருக்கறது ஒரே புள்ளை. தோட்டம் உன்ற ஊட்டுக்குத்தான வரப்போவுது அம்மணி."

"அது பத்திரத்துல இல்லீங்களே" என்றார் பதிவாளர்.

"அண்ணன் வாய்ச்சொல்லே போதுமுங்க" என்றாள் அத்தை.

பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தாள். மிச்ச மையைத் தலைமயிரில் துடைக்கப் போனவள், என் கன்னத்தில் ஒரு பொட்டாக ஒற்றினாள். "என்ற மருமவளுக்குக் கண்ணு பட்டுப்போகும்."

மாமா அடுத்த மழையைப் பார்க்கவில்லை. காளைகளை விற்றார்கள். அத்தை மகன் எண்ணெய் மில்லில் கொப்பரை காயப்போடும் கூலிக்குப் போனான். நான் பெரியவளானதும் அத்தை வெற்றிலை பாக்குத் தட்டோடு பெண் கேட்டு வந்தாள். அதற்குள் கோயமுத்தூரில் பஞ்சு மில் வைத்திருந்த வீட்டில் எனக்குப் பேசி முடித்தாகிவிட்டது.

"கூலிக்காரனுக்கா என்ற புள்ளையக் குடுக்கறது?" என்று அப்பா கேட்டார். அவனைக் கூலிக்காரனாக்கியது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அத்தை தட்டை எடுத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் ரேகை வைத்த அன்று எனக்குத் துக்கம் எதுவும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு ஓடி, அத்தை வைத்த பொட்டை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், கன்னம் சிவக்கும் வரை தேய்த்துக் கழுவினாள். எரிகிறது என்று நான் அழுதேன். அவளும் எதற்கு அழுதாள் என்று எனக்கு விளங்கவில்லை.