கிழக்கு பார்த்து நின்ற ஐஸ்பெட்டி

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அப்பா ஒரு பழைய ரொட்டி வேனை வாங்கி வந்து காஜா பெராங்கில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். அரசாங்க லாரி ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு இரண்டு மாதம்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே பலகைக் கட்டில், ஸ்டவ், சன்னலுக்குத் திரை என்று அதை ஒரு வீடாக்கிவிட்டார். பினாங்கில் அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. மூன்று நாள் அங்கங்கே தங்கிப் போய்ப் பார்ப்பது என்பது திட்டம்.

சிக்கல் அம்மாவின் இன்சுலின். தினமும் காலையில் நான்தான் ஊசி போடுவேன். மருந்துப் புட்டி குளிர்ச்சியில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஒரு முறை ஐஸ்கட்டிக்குள் வைத்து ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனோம். அது உறைந்து வீணாகி, தாலி கட்டுவதற்கு முன்பே வீடு திரும்பினோம். அதற்குப் பிறகு அம்மா பக்கத்திலிருக்கும் தெங்கேராவைத் தாண்டியதில்லை. பேரனின் புகைப்படத்தை மட்டும் முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கப்பலேறியபோது விட்டுப்போன மண்ணெண்ணெய் குளிர்சாதனப் பெட்டி ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அடியில் ஒரு சின்ன விளக்கு எரியும். அந்தச் சூட்டில்தான் பெட்டி குளிரும்.

"அடுப்பு மூட்டி ஐஸ் செய்யப் போறாளாம் உங்க மவ," என்று அம்மா சிரித்தார்.

நான் அப்போதுதான் ஆய்வுக்கூடப் பயிற்சி முடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சமையலறைத் தரையில் வைத்துப் பார்த்தபோது பெட்டி, மருந்துக்குத் தேவையான நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியது. வேனில் ஏற்றியதும் அறுபதைவிட்டு அசையவில்லை. நோட்டில் எழுதினேன்: ஒன்று, திரி. இரண்டு, புகைக்குழாய். மூன்று, பெட்டிக்குப் பின்னால் காற்றோட்டம்.

திரியை நறுக்கிச் சுடரை நீலமாக்கினேன். புகைக்குழாயில் ஒரு கூடை கரி வந்தது. பெட்டியின் முதுகுச் சூடு வெளியேற, வேனின் பக்கத் தகட்டில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஓட்டை போடச் சொன்னேன். தன் நெஞ்சிலேயே துளையிடுவதுபோல அப்பா முகத்தை வைத்துக்கொண்டு போட்டார். ஐம்பத்து நாலு. அதற்குக் கீழே ஒரு கோடுகூட இறங்கவில்லை.

அம்மாவின் மருந்து அதுவரை பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டியில்தான் இருந்தது. அவர்கள் சிட்டிகள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வம்சம். நாங்கள் கும்பிடும் சாமிகளைத்தான் கும்பிடுவார்கள், பேச்சு மட்டும் மலாய். தினமும் காலையில் வேலிக்கு மேல் புட்டியை நீட்டும்போது நான் மாக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடும் அந்த வீட்டம்மா கேட்பார்: "சுடா செஜோக்?" குளிர்ந்துவிட்டதா என்று. "பெலோம்," என்பேன், இன்னும் இல்லை. நாளாக நாளாகத் தெருவே கேட்க ஆரம்பித்தது. சைக்கிளில் போகிற தபால்காரர்கூட.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை வேனுக்குப் பூஜை. அம்மா ஆரத்தி கரைத்துத் தட்டு நிறைய எடுத்து வந்தார். அப்பா தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்ததால் தட்டை என் கையில் கொடுத்தார். நான் அதை ஐஸ்பெட்டியின் தலைமேல் வைத்தேன்.

சிவப்புத் தண்ணீர் முழுவதும் தட்டில் வேனின் பின்பக்கம் பார்த்த ஓரத்துக்கு ஓடி, அங்கே வழிந்து சொட்டியது. தட்டின் முன்பக்க ஓரத்தில் பித்தளை காய்ந்து பளபளத்தது.

"அப்பா! வேனை ஏன் இப்படி நிறுத்துறீங்க?"

"எப்படி? கிழக்கு பார்த்துத்தான். வண்டின்னா கிழக்கு பார்த்துத்தான் நிக்கணும்."

எங்கள் முற்றத்தில் கிழக்கு மேடு. மேற்கில் சாக்கடை. இத்தனை நாளும் வேன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தப் பெட்டியில் மோட்டார் கிடையாது. உள்ளே இருக்கும் திரவம் தன் எடையால் குழாய் வழியே இறங்கி வர வேண்டும். சாய்த்து வைத்தால் பாதி வழியில் தேங்கிவிடும். பயிற்சியில் எந்தத் தராசைத் தொட்டாலும் முதலில் மட்டம் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் பட்டியலில் அது இல்லவே இல்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டியவள், தட்டைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பாவாடையெல்லாம் ஆரத்தி.

"வேனைத் திருப்புங்க, அப்பா!"

"முடியாதுலா. நல்ல காரியத்துக்குப் போற வண்டி."

"அவரு திருப்ப மாட்டாரு," என்றார் அம்மா. "பின் சக்கரத்துக்கு அடியில பலகையைக் குடு. தெசையும் மாறாது, தண்ணியும் நிக்கும்."

நான் அம்மாவையே பார்த்தேன். மூன்று வாரமாக என் நோட்டுக்கு வராத வாக்கியம் அது. இரண்டு பலகை போட்டோம். ஆரத்தித் தண்ணீர் தட்டில் வட்டமாக நின்றது. விளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் திரும்ப ஏற்றினேன். மத்தியானம் நாற்பத்தெட்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் நாற்பத்து மூன்று. விடியற்காலையில் சரியாக நாற்பது.

வேலிக்கு ஓடினேன். மாக்சிக் வாயைத் திறப்பதற்குள் "சுடா!" ஆயிற்று என்று கத்தினேன். அவர் புட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, இனித் தனக்குக் காலையில் வேலை இல்லை என்று மலாயில் சொல்லிச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

வேன் ஓடும்போது விளக்கை அணைத்துவிடுவோம், பெட்டி குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். எங்கே நிறுத்தினாலும் அம்மா முதலில் தட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பெட்டிமேல் வைத்துவிடுவார். "இடது பக்கம் ஒரு பலகை. இன்னும் கொஞ்சம். ம்." வழியில் பார்த்தவர்கள், மணிக்கொரு பூஜை செய்கிற பக்திமான்கள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில் அப்பா தானாகவே வேனை மேற்கு பார்த்து நிறுத்தினார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்ன? தரை இங்க மட்டமா இருக்கு," என்றார்.

பினாங்கில் அக்கா பிள்ளையோடு வாசலுக்கு ஓடிவந்து, "எப்படிம்மா வந்த? மருந்து?" என்றாள். அம்மா அவளை வேனுக்குள் அழைத்துப் போனார். பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்து அவள் கன்னத்தில் ஒரு நொடி வைத்தார். அக்கா "ஐயோ!" என்று துள்ளினாள். அதற்குள் பேரன் அம்மாவின் கைக்கு வந்திருந்தான்.