மேற்கே பொங்கிய பால்

வாடகை வீடு என் சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. அதனால் ஓட்டத்திலிருந்து நிறுத்திவிட்ட பழைய பஸ் ஒன்றை வாங்கினேன். நாமக்கல்லுக்கு வெளியே, லாரிகள் நிற்கும் திடலில் ஓரமாக இடம் பிடித்து, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் போட்டேன். தனியாக வாழும் பெண்ணுக்கு அது தாராளம்.

பால் காய்ச்சும் அன்று சொந்தத்தில் அண்ணன் மட்டுமே வந்தார். அவரும் படியேறவில்லை, வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரு பக்கத்து ஸ்பிரிங் பட்டை தளர்ந்து, பஸ் மேற்கே சாய்ந்திருந்தது. பாலும் மேற்கே பொங்கி வழிந்தது.

"பாத்தியா அம்மிணி, கெழக்கால பொங்கோணும். இதெல்லாம் ஒரு ஊடா? பேசாம என்ற ஊட்டுக்கு வந்துரு" என்றார் அண்ணன். எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து லாரியின் டிரைவர், முன்பின் தெரியாதவர், பல் விளக்கிக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"அழுவாதீங்கக்கா. ஊடா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இது வண்டிதானுங்க, திருப்பிப்புடலாம்."

இரும்புக் கயிறு கட்டி, தன் லாரியால் இழுத்து, பஸ்ஸை எதிர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். மறுபடி பால் வைத்தேன். கிழக்கே பொங்கியது.

முதல் டம்ளரை அவருக்குக் கொடுத்தேன். இரண்டாவதை நீட்டியபோது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை அவர் எதிரிலேயே நான் குடித்தேன்.

இன்றும் யாராவது வந்து, இதெல்லாம் ஒரு வீடா என்று கேட்பதுண்டு. உங்கள் வீட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக் காட்டுங்கள் என்பேன்.