மந்தமான பெட்டிகள்

அந்த வருடம் ஒரே மாதத்துக்குள் மூன்று ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். நாலாவதைப் பார்க்க மோர்டனுக்குப் போனபோது மனைவியும் கூட வந்தாள். எனக்குத் துணையாக அல்ல. இன்னொரு பெட்டி வீட்டுக்குள் வந்தால் அதை எங்கே வைப்பது என்று பார்க்கத்தான் வந்தாள்.

நாங்கள் லண்டனில் ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்குவது என் வேலை. சனி, ஞாயிறில் கல்யாண வீடு, பிறந்தநாள், பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு என்று ஓடுகிற ஓர் இசைக்குழுவில் கிற்றார். ஜெர்மனியில் இருந்த காலத்தில் வாங்கிய அம்ப்ளிஃபயரைத்தான் லண்டனுக்கும் கொண்டுவந்திருந்தேன். ஆட்டுக்கல் பாரம். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு அதை விற்றுவிட்டு மொடலர் ஒன்று வாங்கினேன். காலால் மிதிக்கிற ஒரு பலகை அது. பெயர்பெற்ற அம்ப்ளிஃபயர்களின் சத்தமெல்லாம் அதற்குள் இருக்கும், ஆனால் சொந்தமாக வாய் இல்லை. வழக்கமான கிற்றார் ஸ்பீக்கரில் கொடுத்தால் அது தன் குணத்தையும் கலந்துவிடும். ஆகவே உறுமலிலிருந்து கீச்சு வரை கூட்டாமல் குறைக்காமல் வெளியே விடுகிற, அம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கிற ஒரு பெட்டி வேண்டும்.

கேட்க லேசாக இருக்கிறது, இல்லையா? முதல் பெட்டி பிளாஸ்டிக், டிஜேக்காரர்கள் தூக்கித் திரிவது. மந்தமாக இருந்தது. இரண்டாவது மரப்பெட்டி, மேடையில் சாய்த்து வைப்பது. அதுவும் மந்தம். மூன்றாவதைத் தந்த கடைக்காரன் கண்ணாடி மாதிரித் தெளிவு என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. வீட்டில் போட்டால் யாரோ போர்வைக்குள் இருந்து வாசிப்பது போல. ஒவ்வொரு பெட்டிக்கும் கீச்சைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முழுதாகத் திருகிக்கொண்டுதான் ஒத்திகைக்குப் போனேன்.

ஒத்திகையில், எங்கள் குழுவில் பாடுகிற பெண்பிள்ளை காதைப் பொத்தினாள். கீபோர்ட் வாசிப்பவன்தான் குழுவை நடத்துபவன், என்னைவிடப் பத்து வயது இளையவன், மரியாதை தெரிந்தவன். அன்றைக்கும் மரியாதையோடுதான் சொன்னான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட கிற்றார் ஊசியால குத்திற மாதிரிக் கிடக்கு. வாற சனிக்கிழமைக் கலியாணத்துக்கு முன்னம் இதைச் சரிப்பண்ண ஏலாட்டி, வேற ஆளைத்தான் கேக்க வேண்டி வரும்."

"பெட்டி சரியில்லைத் தம்பி. மாத்திறன்."

"மூண்டு பெட்டி மாத்திப்போட்டியள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்துக்குக் கீழே இருந்தது பயம்தான். கிழமை முழுக்க நான் மற்றவர்களுடைய சூட்கேஸ்களைத் தூக்குகிறவன். இரண்டு நாள் மட்டும் வாசிக்கிறவன். அந்த இரண்டு நாளும் போனால் லண்டனில் எனக்கு மிஞ்சுவது முதுகுவலி. ஷிப்ட் இடைவேளையில் சாப்பிடாமல் விளம்பரங்களை மேய்ந்தேன். இணையத்தில் பெட்டிகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பிடிக்கிற சண்டைகளை எல்லாம் வாசித்தேன். ஆளுக்கொரு கதை. ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை.

மோர்டனுக்குப் போகும் வழியில், "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்," என்று மனைவி காருக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பெட்டியை விற்பவர் மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே வேலையாகித் தங்கிவிட்ட பொறியியலாளர். "நல்ல பெட்டிங்க. வீடு மாறுறேன், இடமில்ல, அதான் கொடுக்கிறேன்," என்றார். நான் மொடலரைச் செருகி நாலு வரி வாசித்தேன்.

"மந்தமாக் கிடக்கு," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "மந்தமா? இருங்க, காட்டுறேன்." மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து ஒரு சத்தத்தை ஓடவிட்டார். அடியில் உறுமலாகத் தொடங்கி, சீழ்க்கையாகி, மேலே மேலே ஏறுகிற ஒரே சத்தம். எந்த இடத்தில் பெட்டி கைவிடும் என்று நான் காத்திருந்தேன். ஏறியது, மெலிந்தது, நின்றது.

"பாத்தியளே, நிண்டிட்டுது. உங்கட பெட்டி இவ்வளவுதான்!"

கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. அவர் என்னோடு வாதாடவில்லை. என் மனைவியைப் பார்த்தார். நானும் திரும்பினேன். அவள் இரண்டு காதிலும் விரலை அழுத்திக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ. பல்லுக் கூசுது."

"உமக்குக் கேக்குதோ?"

அவள் கண்ணைத் திறந்தாள். "உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அந்த மனிதர் கணினியை மூடிவிட்டு, டீ போட்டு வருகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டார். நல்ல மனிதர். மனைவி என் பக்கத்தில் வந்து, "இஞ்சருங்கோ, மந்தம் பெட்டிக்கு இல்லை," என்றாள். காது சரியாகக் கேட்காதவரைக் காது மந்தம் என்றுதான் நாங்கள் சொல்வோம். ஒரு மாதமாக அந்தச் சொல்லை வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்.

விமானத்தடியில் காதுக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற வருடங்கள் நினைவுக்கு வந்தன. டிவிச் சத்தத்துக்காக நாங்கள் பிடித்த சண்டைகளும் வந்தன. எல்லாவற்றிலும் அவள்தான் சரி. வெட்கத்தில் அந்தப் பெட்டியை உதைக்க வேண்டும் போலிருந்தது. உதைக்கவில்லை, வாங்கினேன்.

வீட்டில் அவள் சோபாவில் இருந்தாள், நான் குமிழைத் திருகினேன். "குறையுங்கோ. இன்னும். இன்னும். ஆ, நில்லுங்கோ." அவள் நிற்கச் சொன்ன இடத்தில் எனக்குக் கிற்றார் பக்கத்து வீட்டில் ஒலித்தது. அவள் நகப்பூச்சை எடுத்துவந்து அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

சனிக்கிழமைக் கல்யாணத்தில் அந்தப் பொட்டில் வைத்து வாசித்தேன். விரல்கள் தமக்குத் தெரிந்த இடங்களுக்குப் போயின, நான் பின்னால் போனேன். இரண்டாம் பாட்டுக்குள் என் கை தன்பாட்டில் குமிழுக்குப் போனது. மூன்றாவது வரிசையில் இருந்த மனைவி வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள். கையை எடுத்தேன். பாட்டுக்குப் பாட்டு கை போய்க்கொண்டே இருந்தது. அவள் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை.

எல்லாம் முடிந்து சாமான் கட்டும்போது கீபோர்ட்காரன் வயரைச் சுற்றியபடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணை, இண்டைக்குத்தான் கிற்றார் கிற்றாராக் கேட்டது. நீங்கள் சொன்னது சரிதான், பெட்டியிலதான் பிழை."

ஓம், பெட்டிதான் என்று சொன்னால் போதும். என் இடம் எனக்கே.

"பெட்டியில ஒரு பிழையும் இல்லைத் தம்பி," என்றேன். "எனக்குத்தான் காது கேக்கேல்லை."

அவன் சிரித்துக்கொண்டே வயரைச் சுற்றினான். நான் சிரிக்கவில்லை என்று கண்ட பிறகுதான் அவனுடைய கை நின்றது.