கோவிந்தராஜ் வாங்கிய புல் வெட்டும் மிஷின்

கோவிந்தராஜ் முகத்தைச் சுளிக்காமல் ஒரு பொருளைக் கையில் எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. ஆவடியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மற்றவர்கள் லேத்தில் கடைந்து கொண்டுவந்து வைக்கும் பாகங்களை அளந்து பார்ப்பார். தேறாததன் மேல் சிவப்பு பெயின்ட்டை ஒரு இழுப்பு இழுத்து ஓரமாகத் தள்ளிவிடுவார். இதைச் சம்பளத்துக்காகச் செய்தார் என்று சொன்னால் அது பொய். நாலு குறை கண்டுபிடித்த நாளில் அவருக்குச் சோறு ஒரு கவளம் கூடுதலாகவே இறங்கும்.

தொண்ணூற்று மூன்று ஏப்ரலில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மனைவி பார்வதத்தோடு நெமிலிச்சேரியில் கட்டியிருந்த சொந்த வீட்டுக்கு வந்தார். குவார்ட்டர்ஸ் வாழ்க்கையை நினைத்தாலே அவருக்குக் குமட்டும். வாசலில் பன்றி, பின்னால் சாக்கடை, மாடிப்படியெல்லாம் வெற்றிலை எச்சில். இந்த அசிங்கத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற வழியில் அதிகாரிகளின் பங்களாக்கள் இருக்கும். வேலிக்கு உள்ளே ஒட்ட வெட்டிய புல்தரை. உலகத்தில் அவர் குறை சொல்லாத ஒரே வஸ்து அதுதான். அதனால் புது வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு, ஆள் வைத்து அருகம்புல் பதித்திருந்தார்.

பின்பக்கத்துப் புல்லுக்கு நடுவில்தான் குழாயும் துணி துவைக்கும் கல்லும் கொடியும். பார்வதத்தின் காலை நேரம் முழுக்க அங்கேதான் கழியும். முழங்கால் வலிக்காரி. கல்லை ஒட்டி ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும்.

முதல் மழைக்குப் புல் துளிர்த்தது. பக்கத்துத் தெரு வேம்புலியம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். நெமிலிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு இரண்டு மாடுதான் மிச்சம்.

"இன்னா நைனா, புல்லு நல்லா வந்துகீதே. நான் அறுத்துகினு போவட்டா? உனுக்கும் வேல மிச்சம், என் மாட்டுக்கும் ஆவும்."

கோவிந்தராஜ் அவள் இடுப்பில் சொருகியிருந்த அரிவாளைப் பார்த்தார். துருவும் சாணியும் அப்பிக் கிடந்தது. அவருக்கு உடம்பே கூசியது.

"அந்தத் துருப்புடிச்ச அருவாள எடுத்துகினு என் தரையில கால வெக்காத. மேடும் பள்ளமுமா கொதறிட்டுப் போயிடுவே. நான் மிசினு வாங்கப் போறேன்."

"வாங்கு நைனா, வாங்கு. புல்லு அதுவரிக்கும் உக்காந்துகினு இருக்குமா?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாளே ரயிலேறிப் பாரிமுனைக்குப் போனார். கரன்ட்டில் ஓடும் மிஷினைக் காட்டினார்கள். பின்னாலேயே வயரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் அசந்தால் தன் வயரைத் தானே வெட்டிக்கொள்ளும். போதாததற்கு நெமிலிச்சேரி கரன்ட்டில் மின்விசிறியே முக்கி முனகித்தான் சுற்றும். பெட்ரோல் மிஷினுக்குக் கீழே கடைக்காரன் பழந்துணி விரித்து வைத்திருந்தான். விற்கும் முன்பே ஒழுகுகிற சனியனை எவன் வாங்குவான்? கடைசியில் கையால் தள்ளுகிற ரகம்தான் சரி என்று முடிவு செய்தார். உருளையில் வளைந்த ஐந்து கத்திகள் சுற்றும். கீழே அசையாமல் ஒரு நேர்க்கத்தி. இரண்டுக்கும் இடையில் புல் மாட்டினால் கத்தரிக்கோலில் மாட்டியது போல நறுக்கென்று வெட்டுப்படும்.

கத்திகளுக்கு நடுவே ஒரு தாளைக் கொடுத்து உருளையைச் சுற்றினால், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மாதிரி வெட்ட வேண்டும். அதுதான் சோதனை. கோவிந்தராஜ் நாலு கடையில் பதினோரு மிஷினுக்குத் தாள் கொடுத்துப் பார்த்து, பதினொன்றையும் ஒதுக்கினார். சட்டைப்பையிலிருந்து மெல்லிய எஃகுத் தகடுகளை எடுத்துக் கத்தி இடைவெளியில் விட்டு அளந்தார். ஒரு கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், நீங்க புல்லு வெட்டப் போறீங்களா, ராக்கெட் உடப் போறீங்களா?"

இப்படியே ஆனி போயிற்று. ஆடியில் ஐந்தாவது கடையில், இருப்பதில் குறைந்த மோசம் என்று ஒன்றை எடுத்தார். கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர் சொன்னார்: "நாலு விரக்கடைக்கு மேல வளர உடாதீங்க. அப்புறம் மிஷின் ஏறாது." கோவிந்தராஜ் அப்போது ஒரு திருகாணியின் மரை சரியில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கொண்டுவந்து இறக்கிய அன்றே மிஷினைக் கழற்றினார். தாள் இடது முனையில் வெட்டுப்பட்டது, வலது முனையில் மடங்கியது. கீழ்க்கத்தி கோணல். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்தார். அவன் கோணலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தான். "இவனெல்லாம் ஒரு தொழிலாளி!" என்று ரயிலில் வரும்போது முன்பின் தெரியாத ஆளிடம் காறித் துப்பாத குறையாகச் சொன்னார். பிறகு தானே சாணைப்பசை தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். பேரிங்கைக் கழுவி எண்ணெய் விட்டார். ஆடி போய் ஆவணியும் போனது. மழை விட்டு விட்டுப் பெய்தது.

"ஏங்க, புல்லு முட்டிக்கு வந்துடுச்சி. பூச்சி பொட்டு இருக்கும். வேம்புலியம்மாவ கூப்ட்டு அறுக்கச் சொல்லுங்க" என்றாள் பார்வதம்.

"இன்னும் நாலே நாள்" என்றார்.

புரட்டாசியில் ஒரு காலை, பார்வதம் துணிப்பையோடு வாசலில் நின்றாள். "நான் கொரட்டூர் போறேன், தங்கச்சி ஊட்டுக்கு. புல்ல வெட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க, வரேன். வெட்டலேன்னா வர மாட்டேன்."

"சீ, ஒரு புல்லுக்காக ஊட்ட உட்டுப் போறவ உண்டா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

எட்டு நாள் அவர் தானே சமைத்துத் தின்றார். சோறு குழைந்தது, குழம்பு காந்தியது. தின்ன முடியாமல் பாதியைக் கொட்டினார். இவள் வராமலே இருந்துவிடுவாளோ என்ற பயம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ள அந்த வீட்டில் ஆள்தான் இல்லை. எட்டாம் நாள் தாள் முனைக்கு முனை வெட்டுப்பட்டது. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வேலையை அவர் பார்த்ததில்லை. மிஷினைப் பின்பக்கம் உருட்டிப் போய்த் தள்ளினார்.

மூன்றடி போய் நின்றுவிட்டது. முழங்கால் உயரப் புல் உருளைக்குக் கீழே படுத்து, மிஷின் நகர்ந்ததும் சாவகாசமாக எழுந்து நின்றது. மீதி அச்சில் சுற்றிக்கொண்டது. பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினார். நத்தைகள் நசுங்கி, கத்தியெல்லாம் பச்சைச் சாறும் கொழகொழப்பும். விரலை விட்டு அதை வழித்து எடுத்தபோது காலையில் குடித்த காப்பி தொண்டைவரை வந்தது. கடைக்காரர் நாலு விரக்கடை என்று என்னவோ சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

வேறு வழியில்லாமல் வேம்புலியம்மாள் வீட்டுக்குப் போனார்.

"எனுக்கு இப்ப நேரமில்ல நைனா. நான் கால வெச்சா உனுக்கு ஆவாதே" என்றாள். ஆனாலும் உள்ளே போய் அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "புல்ல எனுக்கு வெச்சிடு. சாயங்காலம் வந்து எடுத்துகினு போறேன்."

அதே துரு, அதே சாணி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். அடியில் புல் அழுகி நாறியது. மரவட்டை கையில் ஏறியது, தவளை முகத்தில் இடித்துவிட்டுத் தாவியது. அருவருப்பில் தோள்பட்டை சிலிர்த்துக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் துவைக்கும் கல்லை எட்டினார். கல்லுக்கும் மணைக்கும் நடுவில் ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து அறுத்தபோது கையோடு என்னவோ மெல்லிசாக வந்தது. பிளாஸ்டிக் காகிதம் என்று நினைத்தார். இழுக்க இழுக்க வந்தது. பாம்புச் சட்டை. அவர் கையை விரித்த நீளத்துக்கு இருந்தது.

புல்லுக்கு வந்த வேம்புலியம்மாள் குனிந்து பார்த்தாள். "கண்ணாடி விரியன் நைனா. உரிச்சிப் பத்து பாஞ்சி நாளு இருக்கும்."

பத்து நாளைக்கு முன்னால் பார்வதம் அந்த மணையில்தான் உட்கார்ந்திருந்தாள். கோவிந்தராஜ் குழாயடியில் போய்க் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். பிசுபிசுப்பு போகவில்லை. மறுநாள் மீதியை அறுத்து முடித்துவிட்டு, சொல்லி அனுப்பாமல் தானே ரயிலேறினார்.

கொரட்டூரில் தங்கை நாகவல்லி வீட்டுக் கூடத்தில் பார்வதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாகவல்லி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"வெட்டிட்டேன் பார்வதம். அருவாளாலதான். கல்லாண்ட பாம்புச் சட்டை கெடந்துச்சி."

"தெரியும். பாம்பையே பாத்தேன்."

"எப்போ? என்னாண்ட ஏன் சொல்லல?"

பார்வதம் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னேனே. மொத வாட்டி சொல்லும்போ நீங்க கத்திக்கு நடுவுல பேப்பர் குடுத்துகினு இருந்தீங்க. ரெண்டாவது வாட்டி எண்ண போட்டுகினு இருந்தீங்க. மூணாவது வாட்டிதான் தலையத் தூக்கினீங்க. எத்தினி அடி நீளம்னு கேட்டீங்க. அளக்கலயேன்னேன். அளக்காம வந்து என்னாண்ட சொல்லாதன்னீங்க."

கோவிந்தராஜுக்கு அது துளிகூட நினைவில் இல்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அது அவர் பேச்சுதான், வார்த்தைக்கு வார்த்தை. உலகத்தில் எதை எதையோ பார்த்து முகம் சுளித்த மனிதருக்கு அன்றைக்குத் தன் வாயை நினைத்துக் குமட்டியது. "ஊட்டுக்கு வா" என்று கூப்பிடத்தான் வந்திருந்தார். கூப்பிடவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, அவள் ஆய்ந்து முடிக்கும்வரை காத்திருந்தார்.