கோப்ரலின் தொப்பி

அந்தத் தொப்பி மேஜை மேல் கிடந்தால் எல்லாருக்கும் நிம்மதி. தலையில் இருந்தால் யாருக்கோ கஷ்டகாலம். எங்கள் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உள்பக்கத் தோல்பட்டை வியர்வையில் கறுத்துப் போயிருக்கும். முன்னால் இருந்த சின்னம் மட்டும் பளபளவென்று மின்னும். எங்கள் போலீஸ் சாவடியின் கோப்ரல் காலையில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பழைய பனியன் துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது ஷா ஆலமில் தொழிற்சாலை வேலை. கம்பெனி பஸ் முச்சந்தியில், அவருடைய சாவடிக்கு எதிரில்தான் நிற்கும். பஸ் வரும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தேய்ப்பைத்தான். "என்னம்மா, பஸ் இன்னும் வரலையா? சாப்டியா?" என்பார். அவர் யாரைப் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். திருடனைப் பிடித்து வந்தாலும் அதைத்தான் கேட்பார்.

மலேசியாவில், கிள்ளான் டவுனை விட்டு வெகுதூரம் உள்ளே போகவேண்டிய செம்பனைத் தோட்டம் அது. பொண்டோக் என்று நாங்கள் சொன்ன அந்தப் போலீஸ் சாவடிக்குத் தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு டெலிபோன். அந்த டெலிபோன்தான் எங்களுக்கு ஆஸ்பத்திரி, தீயணைப்பு, தண்ணீர் இலாகா எல்லாம். லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் புருஷன்காரன் ஓடுவது பொண்டோக்குக்குத்தான். வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் அங்கேதான். குழாயில் செம்மண் தண்ணீர் வந்தால் பெண்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைப்பார்கள். "நான் போலீஸா, பிளம்பரா?" என்று கத்திவிட்டு, தண்ணீர் இலாகாவுக்கு மலாயில் போன் போட்டு அங்கேயும் கத்துவார். அரசாங்கத்துக்கு எங்கள் கண்ணில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. அதில் பெரிய மீசை இருந்தது.

சண்டை என்று யார் வந்தாலும் அவர் முதலில் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். "இப்ப நான் போலீஸ் இல்லடா. உங்க அண்ணன். சொல்லு" என்பார். பெரும்பாலும் அதிலேயே பாதி சண்டை இறங்கிவிடும். ஒருவன் எகிறினால் அவர் கை மெல்லத் தொப்பியை நோக்கிப் போகும். "அண்ணே, தொப்பி வேணாண்ணே, தொப்பி வேணாம்!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கெஞ்சுவார்கள். கள்ளுக்கடையில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், மாடு மேய்ந்த தோட்டத்துக்காக வெட்டுக்கத்தி தூக்கியவர்கள், எல்லாரும் அந்த மேஜையில் காப்பி குடித்துவிட்டு ஒன்றாகத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். கோழி தொலைந்துபோன ஒருவர் ஒருநாள் தொப்பியைப் போட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தார். "கோழிக்கெல்லாம் தொப்பி போட முடியாது லா, அது குழம்பாயிருக்கும், வீட்டுக்குப் போ" என்றார் கோப்ரல். பஸ்ஸுக்கு நின்ற நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

இப்போது அந்த இடத்தில் இரண்டு மாடி வரிசை வீடுகள் நிற்கின்றன. வாசலில் இரும்புக் கேட், கேமரா. தோட்டத்தை விற்றார்கள், எங்களை அடுக்குமாடிக்கு விரட்டினார்கள், பொண்டோக்கை இடித்தார்கள். புதிதாகக் கட்டித் தருவதாக ஒரு பலகை வைத்தார்கள். பலகை துருப்பிடித்து விழுந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. இதைச் சொன்னால் இளசுகள், "ஆன்டி, எல்லாம் இப்ப ஆன்லைன்ல செய்யலாம்" என்கிறார்கள். பாம்பு ஆன்லைனில் வருவதில்லை.

ஆனால் நான் பொய் எழுதப் போவதில்லை. அந்தத் தொப்பி மேஜையில் கிடந்தது எல்லாருக்கும் நல்லதாக இருக்கவில்லை. என் அக்காவுக்கு இருக்கவில்லை.

அக்காவின் புருஷன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினான். மாமா என்றுதான் நான் கூப்பிட்டிருக்க வேண்டும். என் வாயில் அது வராது. சம்பளம் வாங்கினாலும் அடிப்பான், வாங்காவிட்டாலும் அடிப்பான். முதல் தடவை அக்கா உதடு கிழிந்து பொண்டோக்குக்குப் போனபோது கோப்ரல் தொப்பியைக் கழற்றினார். அவனை வரவழைத்துக் கிழி கிழி என்று கிழித்தார். அவன் அழுதான். அக்கா கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். காப்பி வந்தது. இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை அவன் தானாகவே வந்து முன்கூட்டியே அழ ஆரம்பித்தான். அவனுக்கு அது பழகிவிட்டது. காப்பிக்கு எவ்வளவு சீனி என்பதுகூட அங்கே எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. எங்கள் அப்பாவோ, "கோப்ரல் பாத்துக்குவாரு, நீ பேசாம இரு" என்று என் வாயை அடைத்தார்.

ஒருநாள் காலை ஷிப்டுக்கு நான் முச்சந்தியில் நின்றிருந்தேன். செம்மண் சாலையில் அக்கா நடந்து வந்தாள். இடுப்பில் குழந்தை. ஒரு காலில்தான் செருப்பு. இடது காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை. நேராக பொண்டோக்குக்குள் நுழைந்தாள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

கோப்ரல் எழுந்தார். வழக்கம்போல் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வாம்மா, உக்காரு. சாப்டியா?"

அக்கா உட்காரவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்தாள். மேஜை மேல் இருந்த தொப்பியை இரண்டு கையாலும் எடுத்தாள். அதை அவரைத் தவிர யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. அவர் முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, இத போட்டுக்குங்க. நான் அண்ணன்கிட்ட வரல. போலீஸ்கிட்ட வந்திருக்கேன்."

அவர் வாங்கவில்லை. "போட்டா கேஸும்மா. அப்புறம் என் கையில இல்ல. அவன் உள்ள போவான், லோரி வேல போயிரும். நாளைக்கு நீயே வந்து என்கிட்ட அழுவ."

"அழுதுட்டுப் போறேன். போடுங்கண்ணே. இந்தக் காது இப்ப கேக்கல."

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீசை லேசாக ஆடியது. அக்காவின் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது. கடைசியில் வாங்கினார். போட்டுக்கொண்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அக்காவை 'அம்மா' என்று கூப்பிடவில்லை. அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயரைச் சொல்லி, "நடந்தத மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார். அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. காத்திருந்து எழுதினார். அதன்பிறகு அவரே ஜீப்பில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவனை லோரிப் பட்டறையில் வைத்து, கூட்டாளிகள் பார்க்கப் பார்க்க விலங்கு மாட்டிக் கூட்டி வந்தார்கள்.

தோட்டம் அவரை மன்னிக்கவில்லை. குடும்பத்தைப் பிரித்தவர் என்றார்கள். அவர் மேஜையில் ஓசிக் காப்பி குடித்து வளர்ந்த அதே ஆம்பளைகள், எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பினார்கள். அந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு அவர் பந்தலில் வந்து நின்றார். யாரும் நாற்காலி போடவில்லை. நான் ஒன்றை இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டேன். அப்பா என்னை முறைத்தார். கோப்ரல் உட்கார்ந்தார், பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தார், திருநீறு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பொண்டோக்கில் ஒரு பழக்கம் மாறியது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பஸ்ஸுக்கு நின்ற எனக்குத் தெரிந்தது. ஆம்பளைகள் சண்டை என்று வந்தால் பழையபடி தொப்பி மேஜைக்குப் போகும். ஒரு பெண் தனியாகப் படியேறினால், அவள் உள்ளே கால் வைப்பதற்கு முன்பே கோப்ரல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார். "சாப்டியா" என்று கேட்பதை மட்டும் விடவில்லை. மாற்றலாகிப் போகும்வரை அப்படித்தான் இருந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம், அக்கா பட்ட அந்த முதல் அடிகளுக்கான கோபம், இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் அவரைப்போல் ஒருவர் எங்களுக்குப் பிறகு கிடைக்கவில்லை. இரண்டும் உண்மை. அக்கா இப்போது சுபாங் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். போனை வலது காதில்தான் வைத்துப் பேசுவாள்.

போன மாதம் எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கியிருந்தது அவளுக்கு. ஏர்கண்டிஷன், நம்பர் சீட்டு, பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் நம்பர் வந்தபோது கவுண்டரில் ஒரு தமிழ்ப் பையன். வெறுந்தலையோடு இருந்தான். தொப்பி கம்ப்யூட்டர் பக்கத்தில் கிடந்தது. அவள் பேச ஆரம்பித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். கெட்ட பையன் இல்லை. குரலில் இரக்கம்கூட இருந்தது.

"ஹஸ்பண்ட் வைஃப் சண்டைதானேக்கா. வீட்ல பெரியவங்கள வெச்சுப் பேசிப் பாத்தீங்களா?"

கீழ்வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்துவிடுவாள் போலிருந்தது. நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"தம்பி, மொதல்ல அந்தத் தொப்பிய எடுத்துப் போடுங்க" என்றேன்.

"என்ன ஆன்டி?"

"தொப்பிய போடுங்க. அப்புறம் கேளுங்க."

அவன் என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த போனைப் பார்த்தான். மேலே கேமராவையும் ஒருமுறை பார்த்தான். வீடியோ எடுத்துப் போட்டுவிடுவாள் இந்தக் கிழவி என்று நினைத்தானோ என்னவோ. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துச் சரிசெய்தான். முதுகு தானாக நிமிர்ந்தது. கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தான்.

"முழுப் பேர் சொல்லுங்க" என்றான்.

அவள் சொன்னாள். நான் அவள் காதோரம் குனிந்து, "சாப்டியா?" என்று கேட்டேன்.